எட்டாவது ரவுண்டில் அண்ணன்

சேதியைக் கொண்டுவந்தவர் லாரி டிரைவர். அவருக்குச் சொன்னவர் விளையாட்டு அரங்கத்து வாட்ச்மேன். வாட்ச்மேனுக்குச் சொன்னவன், மதில் சுவரில் எத்தனை சுவரொட்டி பிடிக்கும் என்று நாடா வைத்து அளக்க வந்த யாரோ ஒருவன். அவனுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்று வாய் மாறி வந்ததில் நன்றாகவே கொழுத்திருந்த அந்தச் சேதி, அன்று காலை ஏழேகால் மணிக்கு, நோயாளிகள் படுத்துப் புரண்ட நானூறு படுக்கை விரிப்புகளோடு சேர்ந்து ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குள் வந்து இறங்கியது.

"நடுவரே, விஷயம் தெரியுமா? உங்க அண்ணன் மறுபடியும் குத்துச்சண்டைக் கையுறை மாட்டப் போறாராம்!"

நடுவர் என்று எல்லோரும் கூப்பிடுகிறவன் அப்போது ஒரு விரிப்பின் விளிம்பை இஸ்திரி போடும் சூடான உருளைக்குள் செருகிக்கொண்டிருந்தான். பதினான்கு வருடமாகச் செய்கிற வேலை. கண்ணை மூடிக்கொண்டே செருகுவான். அன்று விரிப்பு கோணலாகப் போய், மறுபக்கம் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி வெளியே வந்தது.

"யாரோட?" என்று உலர்த்தும் டிரம்மைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் அங்கிருந்தே கத்தினார். டிரம்மின் இரைச்சலில் முப்பது வருடம் நின்றவர். கத்தாமல் பேசத் தெரியாது.

"வேற யாரோட? அந்தப் புதுசா வந்திருக்கானே, அவனோடதான். ஒம்பது சண்டை, ஒம்பதுலயும் ஜெயிச்சவன்."

"அந்த ஒம்பது பேரும் படுக்கறதுக்குன்னே வந்தவனுங்க. போர்வைதான் கையோட கொண்டு வரலை" என்றாள் கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற அக்கா, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே.

டிரம்காரர் சிரித்தார். சிரித்துவிட்டு, ஏதோ பிடிபட்டதுபோலத் தொடையில் தட்டினார். "அட, இது நம்ம போட்டியாச்சே! போன மாசம் நாம மோதவிட்டது! நடுவர் தீர்ப்பே சொல்லிட்டாரே. அண்ணன், எட்டாவது ரவுண்டு!"

எல்லோரும் அவனைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். அவனும் ஆட்டினான். 

அந்தப் பட்டப்பெயர் அவனுக்கு வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். அவன் வாழ்நாளில் ஒருவரை ஓங்கி அடித்ததில்லை. சின்ன வயதில் அப்பா இரண்டு பிள்ளைகளையும்தான் குத்துச்சண்டைக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அண்ணன் முதல் நாளே மணல் மூட்டையைக் குத்திக் கை வீங்கி வந்தான். தம்பி மூக்கில் ஒரு குத்து வாங்கியதும் ஓரமாக உட்கார்ந்துகொண்டான். வாளியும் துண்டும் தண்ணீர்ப் புட்டியும் அவன் பொறுப்பாயின. அண்ணன் பிற்பாடு பெயர் வாங்கி, அந்த ஊரின் சாம்பியனாகி, பதினோரு வருடம் பட்டத்தை யாருக்கும் விடாமல் வைத்திருந்தான். அவன் போட்ட முப்பத்தொரு சண்டையிலும் தம்பி மூலையில் வாளியோடு நின்றான். அண்ணன் மேடை ஏறுமுன் கைக்கடிகாரத்தையும் போனையும் கழற்றி அவன் சட்டைப் பையில் போடுவான். பையின் மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு நின்று நின்றே தம்பி சண்டையைப் படிக்கக் கற்றுக்கொண்டான். எவன் மூச்சு வாங்குகிறான், எவன் வாங்காததுபோல நடிக்கிறான், எவனுக்குத் தோள் கனக்கிறது, எவன் அடுத்த அடிக்குப் பயந்துவிட்டான் என்று வாளிக்குப் பின்னாலிருந்தே சொல்லிவிடுவான்.

சலவைக்கூடத்தில் அது சாப்பாட்டு நேர விளையாட்டாக மாறியது. டிரம் ஒரு நடை ஓடி முடிய இருபத்தாறு நிமிடம். அந்த இருபத்தாறு நிமிடத்துக்கு ஒரு போட்டி. வயதான சாம்பியன் ஒருவரை யாராவது முன்வைப்பார்கள். நேற்று முளைத்த புதியவன் ஒருவனை இன்னொருவர் நிறுத்துவார். இரண்டு பேரும் நிஜத்தில் ஒருநாளும் மோதப்போவதில்லை. சிலர் செத்தே போயிருப்பார்கள். ஆனாலும் சோற்றுக் கையோடு தொண்டை கிழியச் சண்டை நடக்கும்.

"உங்க ஆளு இப்ப ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சாலே நிமிர ரெண்டு ரவுண்டு ஆகும்!"

"குனிய வேண்டாமே. முறைச்சாலே உங்க ஆளு மேடையை விட்டு இறங்கிடுவான்."

"யோவ், அவர் முறைக்கணும்னா முதல்ல கண்ணாடி போடணும்யா!"

விளையாட்டானாலும் சட்டம் உண்டு. எந்த வயதின் உடம்போடு மோதுகிறார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டிரம்மின் மணி அடித்ததும் வாதம் முடிந்தது. அதன்பின் நடுவர் சொல்வதுதான் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. இதற்கெல்லாம் மேலான சட்டம் ஒன்று இருந்தது. தெரிந்ததை ஒளிக்கக் கூடாது. ஒருமுறை தையல் அக்கா, தன் தங்கை வேலை பார்க்கிற பல் ஆஸ்பத்திரிக்கு ஒரு வீரன் தாடை வீங்கி வந்துபோனதை வாதத்தின் கடைசி நிமிடத்தில் எடுத்துவிட்டாள். தீர்ப்பே தலைகீழாக மாறியது. டிரம்காரர் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் தீர்ப்பு தப்பு என்று அவரும் சொல்லவில்லை.

தீர்ப்பை எழுதுவது துணிச்சீட்டில். எந்த வார்டு விரிப்பு என்று அடையாளம் எழுதித் தைக்கிற சின்ன வெள்ளைப் பட்டை அது. அதற்கென்று ஒரு மை இருக்கிறது. எத்தனை கொதிநீரில் போட்டாலும் போகாது. அந்த மையில் இருவர் பெயரையும் முடிவையும் எழுதி, நடுவன் கையெழுத்துப் போட்டு, துணி வைக்கும் அலமாரிக்குப் பின்னால் ஒட்டுவார்கள். பதினான்கு வருடத்தில் அலமாரியின் முதுகு முழுக்க நிரம்பிவிட்டது. அவன் சொன்னபடி பின்னால் நிஜமாகவே நடந்த சண்டைகளும் உண்டு. பெரும்பாலும் அவன் சொன்ன ரவுண்டிலேயே முடிந்தன. தன் வாழ்க்கையில் ஒருவரும் குறை சொல்லாத ஒரே காரியம் அதுதான் என்று அவன் நினைத்திருந்தான்.

போன மாதம் டிரம்காரர்தான் ஆரம்பித்தார். "சாம்பியனும் அந்தப் புதியவனும். இன்னைக்கு இருக்கற உடம்போட."

அண்ணனை இதற்குமுன் யாரும் மோதவிட்டதில்லை. அண்ணன் விலகி ஆறு வருடமாயிற்று. வயது நாற்பத்திரண்டு. தரைக்கல் விற்கிற பெரிய கடையில் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கதவு திறந்துவிடுகிறான். முதல் இரண்டு வருடம் வாடிக்கையாளர்கள் அவனோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அது குறைந்தது. போன வருடம் ஒரு பெண்மணி, "தம்பி, இந்தப் பெட்டியைக் கொஞ்சம் காருக்குத் தூக்கிட்டு வாங்க" என்றாளாம். தூக்கிக்கொண்டு போய் வைத்ததாக அண்ணனே சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைத் தம்பி இன்னும் மறக்கவில்லை.

வாதம் சூடு பிடித்தது. அனுபவம் என்றார்கள், வேகம் என்றார்கள், முட்டி என்றார்கள், மூச்சு என்றார்கள். நடுவன் மட்டும் எச்சில் கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தான். அங்கே ஒருவருக்கும் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், காதும் காதும் வைத்தமாதிரி, ஊரின் அந்தக் கோடியிலிருந்த கண் டாக்டரிடம் அண்ணனைக் கூட்டிப் போயிருந்தான். பழைய அடிகளின் பலன். இடது கண்ணின் உள்ளே விழித்திரை ஓரமாகக் கிழிந்திருந்தது. பார்வையில் பாதி போய்விட்டது. ஏதோ சூடு வைத்து மிச்சத்தை ஒட்டிவைத்த டாக்டர், "இன்னொரு அடி அந்தப் பக்கம் விழுந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது. வலது கண்ணும் அவ்வளவு நல்லா இல்லை" என்றார். வெளியே வந்ததும் அண்ணன் அவன் சட்டையைப் பிடித்தான். "உங்க அண்ணிக்குக்கூடத் தெரியக் கூடாதுடா. சத்தியம் பண்ணு." பண்ணினான்.

டிரம்மின் மணி அடித்தது. எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள். புதியவன் ஜெயிப்பான் என்றால் எப்படி என்று கேட்பார்கள். அவனிடம் இருந்த காரணம் ஒன்றுதான். அதைச் சொல்ல முடியாது. கண்ணை விட்டுவிட்டு வேறு பொய்க் காரணம் சொல்லி அண்ணனைத் தோற்கடிக்கவும் மனம் வரவில்லை. செத்துப்போனவர்கள்கூட மோதுகிற வெறும் வாய்ச்சண்டைதானே, யாருக்கு என்ன நஷ்டம்?

"அண்ணன்" என்றான். "எட்டாவது ரவுண்டு."

விசில் பறந்தது. "எப்படி நடுவரே? விளக்கமாச் சொல்லுங்க!"

அவன் விளக்கினான். இங்கேதான் அவன் தன்னை மறந்தான். புதியவன் இடது கையால் இரண்டு குத்து விட்டதும் வலது கையை மார்புக்குக் கீழே இறக்கிவிடுவான். ஐந்தாவது ரவுண்டுக்கு அப்புறம் அதை மேலே தூக்கவே மறந்துபோவான். அதுவரைக்கும் அண்ணன் கயிற்றில் சாய்ந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஏழில் விலாவுக்கு. எட்டில் தாடைக்கு. சொல்லச் சொல்ல மூலையும் வாளியும் அண்ணனின் வியர்வை நாற்றமும் திரும்பி வந்தன. கூடத்தில் கைதட்டினார்கள். அதே கையோடு மையைத் தொட்டு எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

டிரைவர் அந்தச் சீட்டை அலமாரியில் ஒட்ட விடவில்லை. "சாம்பியன் பார்த்தா சந்தோஷப்படுவாருய்யா" என்று பிடுங்கிக்கொண்டு போனார். மறுநாள் மாலை அண்ணன் போன் செய்தான். "எட்டாவதா? எப்படிடா?" அவன் மறுபடியும் விளக்கினான். அண்ணன் நடுநடுவே "ம்... அப்புறம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். முடிவில், "எல்லாம் தெரிஞ்சவன் நீ. நீயே சொல்லிட்ட" என்று வைத்துவிட்டான். தம்பிக்கு அன்றைக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

இப்போது டிரைவர் கொண்டுவந்த சேதிக்குப் பின் அந்த ஒரு வரி வேறு மாதிரி கேட்டது.

மதியம் வரை வேலை ஓடவில்லை. வதந்தியாகத்தான் இருக்கும் என்று ஒரு விரிப்பைச் செருகுவான். இருக்காது என்று அடுத்ததைச் செருகுவான். சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்தான். இத்தனை பேர் நடுவில் என்ன பேசுவது என்று திரும்ப உள்ளே வைத்தான். மூன்று மணிக்குத் தையல் அக்கா வந்து, சுருங்கிப்போன விரிப்புகளை அவன் முன்னால் போட்டாள்.

"இன்னைக்கு இதோட பதினேழு. உடம்பு சரியில்லைன்னா வீட்டுக்குப் போப்பா. இதையெல்லாம் மறுபடி நனைக்கணும்."

போனான். ஆனால் தன் வீட்டுக்கு அல்ல.

அண்ணி கதவைத் திறந்தபோது மணி ஐந்தேகால். ஈரத் தலையை அள்ளி முடிந்துகொண்டே, "வாங்க தம்பி, நானே போன் பண்ணணும்னு இருந்தேன்" என்றாள். முகத்தில் பயமும் பெருமையும் கலந்து கிடந்தன. "போட்டி நடத்தறவங்க ஊருக்கு அவர் காலையிலேயே பஸ் ஏறிட்டார். ஆறு மணிக்கு அங்க டாக்டர் பார்க்கறாங்களாம். பாஸ் ஆயிட்டா அப்பவே ஒப்பந்தத்துல கையெழுத்து. அது ஆகிற வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லாதேன்னார். உங்ககிட்டகூட."

"நீங்க ஒத்துக்கிட்டீங்களா அண்ணி?"

"எங்க ஒத்துக்கிட்டேன்? பத்து நாள் அவரோட பேசலை. சோறு வைப்பேன், திரும்பிப் போயிடுவேன். அப்புறம் அதைக் கொண்டுவந்து காட்டினார்." முகம் பார்க்கும் கண்ணாடியைக் கைகாட்டினாள். கண்ணாடியின் மூலையில் அந்த வெள்ளைத் துணிச்சீட்டு. அவன் எழுத்து. அவன் கையெழுத்து. "தம்பி ஒருநாளும் மனசுக்குப் பிடிச்சவங்களுக்காகத் தீர்ப்புச் சொல்ல மாட்டான்னார். அதுக்கப்புறம்தான் எனக்கும் தைரியம் வந்துச்சு. உட்காருங்க, டீ போடறேன்."

அவன் உட்காரவில்லை. கண்ணாடிக்குக் கீழே, மேசையில், கோடு போட்ட தாள் ஒன்று கிடந்தது. அண்ணனின் கையெழுத்தில் எழுத்துகள். மேலே ஒரே ஓர் எழுத்து, பெரிதாக. அதற்குக் கீழே இரண்டு. பிறகு மூன்று. இறங்க இறங்கச் சின்னதாகி, கடைசி வரி எறும்பு ஊர்வதுபோல.

"அதுவா?" என்று அண்ணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒரு வாரமா அதை மனப்பாடம் பண்ணிட்டிருந்தார். குளிக்கறப்பகூட முணுமுணுப்பு. என்னன்னு கேட்டா, மூளைக்குப் பயிற்சியாம். பள்ளிக்கூடத்துல ரெண்டு வரி மனப்பாடம் பண்ணாத மனுஷன்!"

அவள் சிரித்தாள். அவன் தாளைக் கையில் எடுத்தான். கண் டாக்டரின் சுவரில் தொங்குகிற அட்டை. வரிசை பிசகாமல்.

"அண்ணி, அடுப்பை அணைச்சிட்டு வாங்க."

அவன் குரலில் இருந்தது என்னவோ, அவள் உடனே அணைத்துவிட்டு வந்தாள். அவன் நின்றபடியே சொன்னான். டாக்டர், கிழிந்த திரை, சத்தியம், எல்லாவற்றையும். சொல்ல மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு வருடம் சுமந்த பொருள் இவ்வளவு சின்னதா என்றிருந்தது.

அண்ணி அழவில்லை. "எந்தக் கண்ணு?" என்றாள்.

"இடது."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு வருஷமா எங்க போனாலும் என்னை வலது பக்கம்தான் உட்கார வைப்பார். பஸ்ல, சாப்பிடறப்ப, எங்கயும். வேற யாராவது அங்க உட்கார்ந்துட்டா எழுப்பிவிட்டுடுவார். நான் பாசம்னு நினைச்சேன் தம்பி. அக்கம்பக்கத்துல சொல்லிப் பீத்திக்கிட்டேன்."

வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள்.

"தெரிஞ்சுக்கிட்டே எப்படி எழுதினீங்க?"

"விளையாட்டுன்னு நினைச்சுட்டேன் அண்ணி."

"அவர் நினைக்கலையே." அவள் குரல் உயரவே இல்லை. அது உயர்ந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அவர் கண்ணைப் பத்தித் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. அந்த நீங்களே அவர் ஜெயிப்பார்னு சொன்னா, கண்ணு ஒரு பொருட்டே இல்லைன்னுதானே அவருக்கு அர்த்தம்?"

அதுதான். காலையிலிருந்து நானூறு விரிப்புகளுக்கு அடியில் அவன் மூடி மூடி வைத்திருந்ததை அவள் ஒரே இழுப்பில் இழுத்துப் போட்டுவிட்டாள். அண்ணனை யாரும் ஏமாற்றவில்லை. வழக்கம்போலத் தம்பியின் தீர்ப்பை நம்பினான், அவ்வளவுதான். தெரிந்ததை ஒளிக்கக் கூடாது என்கிற சட்டம் அண்ணனுக்கும் தெரியும். தம்பி அதை மீறுவான் என்று அவன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான்.

"நான் சொன்னா கேக்க மாட்டார்" என்றாள் அண்ணி. "கண்ணு விஷயம் எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு இன்னும் வீம்பு பிடிப்பார். நீங்க பேசுங்க. தோல்விதான்னு நீங்க சொன்னா மட்டும்தான் திரும்பி வருவார்."

மணி ஐந்து முப்பத்தெட்டு. போனை எடுத்தான். என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. கண்ணை வைத்து அந்தச் சண்டையை இப்போதுதான் முதல்முறையாக ஓடவிட்டுப் பார்த்தான். இரண்டாவது ரவுண்டு. இடது பக்கத்திலிருந்து வரும் வளைந்த குத்து. அண்ணனுக்கு அது வருவதே தெரியாது. கயிற்றில் சாய்ந்து வாங்கிக்கொள்ளச் சொன்னதும் அவன்தான். அந்தப் பக்கத்தைக் கொடுத்துக்கொண்டு நிற்கச் சொன்னதும் அவன்தான். எட்டு வரைக்கும் போகவே போகாது.

முதல்முறை மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான். ஓய்ந்தது.

"டாக்டர் அறைக்குள்ள போயிருப்பாரோ?" என்றாள் அண்ணி.

"இன்னும் நேரம் இருக்கு."

அவள் எட்டிக் கண்ணாடியிலிருந்த சீட்டை உரித்தாள். பசை விடவில்லை. நகத்தால் சுரண்டினாள். துணி வந்தது. ஓரத்தில் ஒரு நூல் கண்ணாடியோடேயே நின்றது. சீட்டை மேசைமேல் அவனுக்கு முன்னால் வைத்தாள், எழுத்து மேலே தெரியும்படி.

மூன்றாம் முறை போட்டான். போன் அங்கே எங்கே அடித்துக்கொண்டிருக்கும் என்று யோசித்தான். சட்டையைக் கழற்றச் சொல்லியிருப்பார்கள். எடை பார்ப்பார்கள். அண்ணன் போனையும் கடிகாரத்தையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்திருப்பான். முப்பத்தொரு சண்டைக்கும் அவற்றை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டவன் இங்கே, அண்ணியின் முன்னால், காதில் போனை வைத்துக்கொண்டு நின்றான்.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்தொன்று. மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.